பனி தள்ளுகிற டிராக்டர் நம் ஊர்ச் சேற்றைத் தள்ளுமா?

சிகாமட் (ஜொகூர், மலேசியா) வாசகர் — 9 மார்ச் 2023, காலை

மகன் கனடாவில், ஒண்டாரியோவில் இருக்கிறான். வீட்டு வாசலிலிருந்து சாலை வரை நீண்ட சரளைப் பாதை. பனி கொட்டினால் சிறு டிராக்டரின் பின்னால் பிளேடு மாட்டி, காப்பி ஆறுவதற்குள் தள்ளி முடித்துவிடுகிறான். காணொளியும் அனுப்புகிறான். இங்கே வெள்ளம் வடிந்து எங்கள் செம்மண் பாதை முழுவதும் கணுக்கால் அளவு சேறு. "அப்பா, மண்வெட்டியோடு மாரடிக்காதீர்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய டிராக்டர் ஒன்றை வாங்குங்கள். பனியும் சேறும் ஒன்றுதான்" என்கிறான். பாதை அறுபது மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். அவன் சொல்வது சரியா?

லாபிஸ் (ஜொகூர்) வாசகர் — 9 மார்ச், இரவு

ஒன்றல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபதுக்கு மூன்று மீட்டர், பத்து சென்டிமீட்டர் கனம் என்றால் 18 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும். ஆக மொத்தம் 1.8 டன். ஈரச் சேறு கன மீட்டருக்கு 1,700 கிலோ வரும். மொத்தம் 30 டன். உங்கள் மகன் தள்ளுவது ஒரு ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் எடை. உங்கள் வாசலில் கிடப்பது அந்த வண்டிகளின் ஒரு வரிசை.

டிராக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னிடமே ஒன்று இருக்கிறது. தோட்டப் பட்டறையில் டிராக்டர் பழுதுபார்த்தே தலை நரைத்தவன் நான், ஓய்வு பெற்ற பிறகும் அந்த இரைச்சலை விட முடியவில்லை. ஆனால் காணொளியைப் பார்த்துப் பணத்தை எடுக்காதீர்கள்.

லாபிஸ் — 10 மார்ச், காலை

நேற்று எழுதியதில் எடையைத்தான் சொன்னேன். அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒண்டாரியோவில் ஓரமாகக் குவித்த பனி வசந்த காலத்தில் தானாகக் கரைந்து போய்விடும். இங்கே குவித்த சேறு நீங்கள் குவித்த இடத்திலேயே கிடக்கும். புல் முளைக்கும், அடுத்த மழையில் பாதி திரும்ப வீட்டுக்கு வரும்.

ஆகவே டிராக்டரை விடுங்கள். 18 கன மீட்டர் மண்ணை எங்கே போடப்போகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள். லோங்காங்கில், அதாவது ஓரக் கால்வாயில், தள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வரிசையில் ஒருவர் அப்படித்தான் செய்தார். பாதை பளிச்சென்று ஆனது, எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்து வந்த சாதாரண மாலை மழைக்கே கால்வாய் அடைத்துக்கொண்டு, வெள்ளத்தில் தப்பித்த இரண்டு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒண்டாரியோவில் உங்கள் வாசல் பனியைப் பொதுச் சாலையில் கொட்டுவதே சட்டப்படி தவறு. மகனிடம் கேட்டுப் பாருங்கள், தெரிந்திருக்கும்.

லாபிஸ் — 10 மார்ச், மதியம்

எப்போது தள்ளுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பனிக்காரர்கள் சீக்கிரமாகவும் அடிக்கடியும் தள்ளுவார்கள். காரின் சக்கரம் ஏறி அழுத்திவிட்டால் பனி கெட்டியாகி உறைந்துவிடும், பிறகு பிளேடு மேலே வழுக்கிக்கொண்டு போகும். சேற்றுக்கு மூன்று பருவம் உண்டு. தண்ணீர் வடிந்த கையோடு அது கஞ்சி நிலையில் இருக்கும். பிளேடால் தள்ளினால் இரண்டு பக்கமும் வழிந்து பின்னாலேயே வந்து மூடிக்கொள்ளும். நல்ல வெயில் கொஞ்சம் பட்டதும் பிடித்தால் உருண்டை நிற்கும் பதம் வரும். வாளியில் அள்ள அதுதான் நேரம். அதையும் தவறவிட்டால் வெடித்துக் கட்டாந்தரையாகி, பல் வைத்த கருவியால்தான் கிளற முடியும். நடுப் பதம் வரும்வரை காத்திருங்கள் என்பதுதான் என் யோசனை.

லாபிஸ் — 10 மார்ச், இரவு

மதியம் சொன்னதற்கு ஒரு விலக்கு. அது செம்மண் பாதைக்கு. சிமெண்டு போட்ட போர்ட்டிக்கோ, கார் நிறுத்தும் இடம், வீட்டுத் தரை ஆகியவற்றில் காத்திருக்கவே கூடாது. தண்ணீர் வடியும்போதே அதனுடன் சேர்த்து விளக்குமாற்றால் தள்ளிவிட வேண்டும். வடிகிற வெள்ளம் செய்யும் வேலையைப் பிறகு எந்த எந்திரமும் செய்யாது. தெலுக் இந்தானிலிருந்து ஓர் அம்மா இதைச் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி. அவர் வீட்டில் வெள்ள நீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கும் நேரத்தில் குடும்பமே துடைப்பத்தோடு நிற்குமாம்.

லாபிஸ் — 12 மார்ச்

சரி, டிராக்டர் பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முன்னால் லோடர், அதாவது அள்ளித் தூக்கும் வாளி, இல்லாத டிராக்டர் இந்த வேலைக்கு ஆகாது. பின் பிளேடு பனிக்குப் போதும். சேற்றில் அது பாதிதான் உதவும், ஏனென்றால் நமக்குத் தள்ளுவதைவிட அள்ளிக் கொண்டுபோவதுதான் முக்கியம். சிறு டிராக்டரின் வாளி 0.2 கன மீட்டர் கொள்ளும் என்று வையுங்கள். ஈரச் சேறு நிரப்பினால் 340 கிலோ. சின்ன லோடர்கள் பலவற்றுக்கு அதுதான் தூக்கும் எல்லை. 18 கன மீட்டருக்குத் தொண்ணூறு வாளி. கொட்டுமிடம் பாதையின் கோடியில் இருந்தால் தொண்ணூறு முறை போய் வர வேண்டும். கியரை மாற்றி மாற்றியே கால் ஓய்ந்துவிடும். முன்னும் பின்னும் ஓட்டுகிற வேலைக்கு, கியர் மாற்றாமல் மிதியாலேயே ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கம் உள்ள வண்டி நல்லது. பழைய ஜப்பான் வண்டிகளில் கியர் வைத்தவைதான் அதிகம் கிடைக்கும்.

முன்னால் 340 கிலோ தொங்கும்போது பின் சக்கரம் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். பின்னால் எடை மாட்டாமல் லோடரை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பாரமெல்லாம் முன் அச்சில் ஏறுகிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் அச்சுப் பல் உடைந்தால் அந்தப் பழைய மாடலுக்குப் பாகம் தேடி நீங்கள் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் அலைவீர்கள். பின்னால் பாக்ஸ் பிளேடு (மண்ணைத் திரட்டி இழுக்கும் பெட்டி வடிவப் பிளேடு) மாட்டினாலே எடைக்கு எடையும் ஆச்சு, பிறகு பாதையைச் சீர் செய்யவும் ஆச்சு. அதோடு பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். குளிர் நாடுகளில் டயருக்குள் வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்று கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுவார்கள், அது ரிம்மை அரிக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. குழாய்த் தண்ணீர் போதும்.

டயர் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். உயரமான குறுக்குப் பட்டை வைத்த விவசாய டயர் களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் திரும்புகிற இடத்தில் பாதையைப் பிய்த்து எறியும். தொழிற்சாலை வகை டயர் பாதையைக் காப்பாற்றும், ஆனால் களிமண் பட்டைகளுக்கு நடுவில் அடைத்துக்கொண்டால் வழுவழுவென்று ஆகிவிடும். பனியில் சங்கிலி கட்டி ஓட்டுவதைக் காணொளியில் பார்த்துவிட்டு ஒருவர் இங்கே சங்கிலி கேட்கிறார். அங்கே அடியில் தரை உறைந்து இறுகியிருக்கிறது. நம் ஈரச் செம்மண்ணில் சங்கிலி கட்டினால் சேற்றோடு பாதையும் சேர்ந்து வரும்.

இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டை நேராகப் போகும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்புவதற்கு முன் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளம் வடிந்த பிறகு கால்வாயின் கரை பார்ப்பதற்கு உறுதியாக இருக்கும், உள்ளே ஊறிப் போயிருக்கும். வாளியை உயர்த்திக்கொண்டு கரையோரம் போனால் கரை சரியும், வண்டி கவிழும். வாளி முழங்காலுக்கு மேல் உயரக் கூடாது. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புக் கம்பியை மடக்கி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். கம்பி நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டுங்கள். கம்பியே இல்லாத பழைய வண்டியில் பெல்ட் கட்டினால் அதுவே ஆபத்து. அப்படிப்பட்ட வண்டியை இந்த வேலைக்கு வாங்காமல் இருப்பதே மேல். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் மினி டிராக்டர் ஓட்டிப் பழகியவர்கள்கூட இதில் அலட்சியமாக இருக்கிறார்கள். அவர்களிடம்தான் அலட்சியம் கூடுதல் என்றே சொல்வேன்.

லாபிஸ் — 13 மார்ச்

பனிக்காரர்களிடம் நாம் கற்க ஒன்றுமில்லை என்கிற தொனியில் எழுதிவிட்டேன் போலிருக்கிறது. குளுவாங்கிலிருந்து ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் மகள் கனடாவில் பார்த்ததாம்: இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்து, வாளியின் வெட்டு விளிம்பில் செருகிக்கொள்கிறார்கள். விளிம்பு உருண்டையாகிவிடுவதால் அது சரளைக்குள் இறங்காமல் மேலே வழுக்கிக்கொண்டு போகும். பனி வரும், கல் அங்கேயே நிற்கும்.

இது நமக்கும் பொருந்தும். வாளியின் கூர் விளிம்பு சேற்றோடு செம்மண்ணையும் ஒரு விரல் கனம் சுரண்டிவிடும். பிறகு லோரியில் செம்மண் வாங்கிக் கொட்ட வேண்டும். என்னிடம் பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று கிடந்தது, அறுத்து மாட்டிப் பார்த்தேன். கடைசிப் படலம் எடுக்கும்போது நன்றாக இருக்கிறது. கனமான சேற்றுக்கு வேண்டாம், அங்கே குழாய் மேலேறிக்கொள்கிறது. முதலில் வெறும் விளிம்பால் பெரும்பகுதியை அள்ளிவிட்டு, அடியில் இரண்டு விரல் கனம் மிஞ்சும்போது குழாயை மாட்டுங்கள். இரண்டு ஓரத்திலும் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டவில்லையென்றால் பின்னால் வரும்போது கழன்றுவிடும்.

அதேபோல் இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. சரளைப் பாதையில் பருவத்தின் முதல் பனியை அடிவரை சுரண்டாமல் கொஞ்சம் விட்டு, அழுந்தி உறைய விடுகிறார்கள். அது பாதைக்கு மேல் ஒரு மூடியாக நிற்கும். இதை மட்டும் இங்கே பின்பற்றாதீர்கள். விட்ட சேறு அடுத்த மழைக்கு மோட்டார் சைக்கிள்களைச் சாய்க்கும்.

லாபிஸ் — 15 மார்ச்

வெறுங்காலோடு சேற்றில் நின்று எடுத்த படத்தைப் போட்டிருப்பவர் தயவுசெய்து பூட்ஸ் போடவும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் லெப்டோஸ்பைரோசிஸ் இருக்கும். நம் நாட்டில் 2010 முதல் மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் அது. மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸ் இன்னொன்று. நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும், நம்மவர்களில் யாருக்குத்தான் நீரிழிவு இல்லை? காலில் சிறு வெட்டு இருந்தால்கூட இறங்காதீர்கள். காய்ச்சல் ஓரிரு வாரம் கழித்தும் வரலாம். கிளினிக்கில் "வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

வண்டியில் உட்கார்ந்திருந்தால் இந்த ஆபத்து குறையும் என்பது டிராக்டருக்கு ஆதரவாக நான் தரும் நல்ல வாதம். கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லாபிஸ் — 19 மார்ச்

பழைய தோட்டச் சாலை பற்றி யாரோ ஆரம்பித்துவிட்டார்கள், சும்மா இருக்க முடியவில்லை.

நான் பட்டறையில் சேர்ந்த காலத்தில் தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் கிரேடர் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அது வந்து சாலையைச் சீவிவிட்டுப் போகும். கிரேடர் ஓட்டியவர் ஒரு பெரியவர். எந்தக் கருவியும் வைத்து அளக்க மாட்டார். கொஞ்சம் தண்ணீரை நடுச் சாலையில் ஊற்றுவார், அது இரண்டு பக்கமும் பிரிந்து ஓடினால் வேலை முடிந்தது, நின்றால் மறுபடியும் ஏறுவார். தோட்டத்து எழுத்தரான கிராணி ஐயா வந்து "எண்ணெய் வீணாகிறது" என்று சத்தம் போட்டால், ஊற்றிய தண்ணீரைக் காட்டி, "உங்கள் கார் போகிற சாலைதான்" என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பாதையில் சேறு நின்றதற்குக் காரணம் வெள்ளம் மட்டுமல்ல. பாதை நடுவில் குழிந்து, ஓரம் உயர்ந்து போயிருக்கும். வருடக்கணக்கில் கார் ஓடிய தடம். அப்படிப்பட்ட பாதை வெள்ளம் வடியும்போது தொட்டியாகிவிடுகிறது. மண் கலந்த நீர் அங்கே அசையாமல் நின்று, வண்டலைப் படியவிட்டு, பிறகு மெதுவாகக் காய்கிறது.

பெரியவருக்கு மினி டிராக்டரைக் கண்டால் பிடிக்காது. "இதை வைத்துக் கோலம் போடலாம்" என்பார்.

லாபிஸ் — 2 ஏப்ரல்

சிகாமட் நண்பரின் படம் பார்த்தேன். பாதையின் முன்பகுதி எடுத்தாகிவிட்டது, பின்பகுதி காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. இனி வாளி ஏறாது. பாக்ஸ் பிளேடு உள்ளவரைப் பிடியுங்கள். அதன் முன்னால் இருக்கும் பற்களை இறக்கி, கட்டியை உடைத்து, பெட்டியில் திரட்டி இழுக்க வேண்டும். பற்களை முழுவதும் இறக்கிவிட்டால் அடியில் உள்ள நல்ல செம்மண்ணையும் கிளறிவிடும், பல்லின் தண்டில் உள்ள துளைகளில் ஒரு துளை அளவு இறக்கினால் போதும். லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு மறுநாள் செய்தால் தூசியும் பறக்காது, கட்டியும் சுலபமாக உடையும்.

அப்படியே பாதையின் நடுவை உயர்த்தி முதுகு கொடுத்துவிடுங்கள். செம்மண் பாதைக்குக் குறுக்கு வாட்டம் 4 சதவீதம் வேண்டும். மூன்று மீட்டர் அகலத்தில் பாதி ஒன்றரை மீட்டர், ஆக நடு, ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் போதும். டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பில் ஒரு பக்கக் கையை நீட்டிப் பெட்டியைச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து வாருங்கள். ஓரத்துப் புல்லை முதலில் சீவாமல் இதைச் செய்யாதீர்கள். புல் வரம்பு தண்ணீரைத் தடுத்தால் முதுகு கொடுத்தும் பயனில்லை.

லாபிஸ் — 3 ஏப்ரல்

சேற்றைக் கொட்ட இடம் இல்லை என்று நான்கு பேர். நானும் இதில்தான் திணறினேன். என் செம்பனைக் கன்று வரிசைகளுக்கு இடையில் மெல்லிய பரப்பாகக் கொட்டினேன், மரத்தின் அடியில் குவிக்கவில்லை. ஆற்று வண்டல் மட்டும் என்றால் மண்ணுக்கு நல்லது. ஆனால் டவுனுக்குள் புகுந்து வந்த சேற்றில் கழிப்பறைத் தொட்டியும் பட்டறை எண்ணெயும் கலந்திருக்கும். அதைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். மேலே எண்ணெய்ப் படலம் மினுக்கினால் தோட்டத்துக்கும் வேண்டாம், நகராட்சி லோரி வரும் இடத்தில் தனியாகக் குவித்து வையுங்கள்.

சிகாமட் நண்பருக்குத் தாழ்வான ஒரு மூலை இருக்கிறது என்கிறார். அது தண்ணீர் வெளியேறும் வழியாக இல்லாமல் இருந்தால் அங்கே போடலாம். வழியாக இருந்தால் அடுத்த வெள்ளத்தில் பக்கத்து வீட்டுக்காரர் உங்களோடு பேசமாட்டார்.

லாபிஸ் — 25 ஏப்ரல்

நோன்புப் பெருநாள் விடுமுறையில் வண்டியைப் பிரித்துக் கழுவினேன். சேற்று வேலை செய்தவர்கள் எல்லாரும் முன் அச்சின் எண்ணெயைப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. உடனே வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், சீலையும் மாற்றுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலையைக் கழற்றினால் காய்ந்த சேறும் லாலாங் புல்லின் பூவும் அடைத்திருக்கும். குளிர் நாட்டில் இதைக் கவனிக்காமல் ஒரு பருவம் ஓட்டலாம். நம் வெயிலில் எஞ்சின் கொதித்துவிடும். அதிக அழுத்த நீரைப் பேரிங் மேல் நேராக அடிக்காதீர்கள். கழுவிய பிறகு எல்லா முனையிலும் புதுக் கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.

வண்டி விற்ற கடையில் முன் அச்சு சீல் கேட்டேன். "இந்த மாடல் நாங்கள் விற்றதே இல்லை" என்றார்கள். ரசீதைக் காட்டினேன். ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறது என்றார்கள்.

லாபிஸ் — 26 ஏப்ரல்

டீசல் பற்றிய கேள்விக்கு. சிகாமட் நண்பரின் மகன் ஒண்டாரியோவில் குளிர்காலத்துக்கென்று தனி டீசல் போடுவதாகச் சொல்வது உண்மை. குளிரில் டீசலின் மெழுகு கட்டி வடிகட்டியை அடைத்துவிடும். நம் பம்பில் வருவது செம்பனை பயோடீசல் கலந்தது, 2019இல் அந்தக் கலப்பு பத்து சதவீதமாக உயர்ந்தது. சுத்தமான செம்பனை பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே மங்கத் தொடங்கும், ஒண்டாரியோ ஜனவரியில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. லாபிஸில் அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே பிரச்சினை நீர். பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும். மாதக்கணக்கில் அரைத் தொட்டியோடு நிறுத்தினால் அடியில் நீர் சேர்ந்து, நீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுப்புக் கசடு வடிகட்டிக்கு வரும். வெள்ள வேலைக்கென்று மட்டும் டிராக்டர் வாங்கி வருடம் முழுக்க கொட்டகையில் போடுகிறவர்களுக்குத்தான் இது நடக்கும். தொட்டியை நிரப்பி வையுங்கள், நீர் பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்து அவ்வப்போது வடியுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது எஞ்சின் சூடேறும்வரை ஓட்டுங்கள்.

லாபிஸ் — 14 நவம்பர்

தீபாவளிக்குச் சிகாமட் போயிருந்தேன், நண்பரின் பாதையை நேரில் பார்த்தேன். டிராக்டர் வாங்கவில்லை அவர். பெக்கோவை (மண் தோண்டும் எந்திரத்தை) ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓரக் கால்வாயைத் தூர் வாரி, பாதைக்கு முதுகு கொடுத்திருக்கிறார். அவருக்கு அது சரி. ஒரே பாதை, அதுவும் அறுபது மீட்டர். நான் மார்ச்சில் அவரிடம் டிராக்டர் அளவெல்லாம் பேசிக்கொண்டிருந்ததற்குப் பதில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரே முடிவு செய்துவிட்டார். நிலமும் குலை வேலையும் இருக்கிறவர்கள் சொந்தமாக வாங்கலாம். வெள்ளத்துக்காக மட்டும் என்றால் வாடகைதான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கால்வாயிலிருந்து வாரிய மண்ணைக் கரை மேலேயே நீளமாகக் குவித்து வைத்திருக்கிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம் இது. அந்தக் குவியல் கரைந்து நேராகக் கால்வாய்க்குள்தான் போகும். சொன்னேன். "பொங்கலுக்குள் எடுத்துவிடுகிறேன்" என்றார். இந்த வாரமே எடுங்கள் ஐயா.

லாபிஸ் — 15 நவம்பர்

வாளி விளிம்பில் செருகும் குழாயின் அளவைக் கேட்டவருக்கு: உங்கள் விளிம்பின் கனத்தை அளந்து, அதைவிடச் சற்றே அகலமாக அறுங்கள். குழாயின் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், மெல்லிய குழாய் முதல் கல்லிலேயே நசுங்கிவிடும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம்.